சைலன்சர் மாற்றிய வண்டிக்கு ஜெட் பார்ப்பது எப்படி?

புது சைலன்சர் மாட்டிய கையோடு எல்லோரும் கேட்கிற கேள்வி, "அண்ணே, ஜெட்டு எத்தனாம் நம்பர் போடணும்?" ஜெட் என்பது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை போட்ட பித்தளைத் திருகு; அதன் அளவுதான் நம்பர். வண்டியைப் பார்க்காமல் ஃபோனிலேயே நம்பர் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரே மாடல், ஒரே சைலன்சர் என்றாலும் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு ஜெட் தேவைப்படுவது சாதாரணம். ஒன்றில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். இன்னொன்றின் கார்புரேட்டரை ஏற்கெனவே யாராவது நோண்டியிருப்பார்கள். நம்பரைத் தேடும் முன் நமக்குத் தெரிய வேண்டியது, ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகும்போது வண்டி தடுமாறுகிறது என்பது. அது பிடிபட்டுவிட்டால் எதைத் தொட வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும். பல வண்டிகளில் ஜெட்டே மாற்ற வேண்டியிருக்காது, ஒரு ஸ்க்ரூவை அரைச்சுற்று திருப்பினாலே போதும்.

இது கார்புரேட்டர் வண்டிகளுக்கான கட்டுரை. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 புகை விதி வந்தபின் விற்ற வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் ஜெட் கிடையாது, வேலையும் வேறு. பழைய புல்லட், பல்சர், ஸ்ப்ளெண்டர், யூனிகார்ன், ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதத்துக்குச் செல்லாது. ஆகவே சத்தத்தைக் குறைக்க உள்ளே சொருகி வைத்திருக்கும் குழாயை, நம்மாட்கள் 'டிபி கில்லர்' என்று சொல்வதை, கழற்றி வீசிவிட்டு ஜெட்டிங் பார்க்க உட்காராதீர்கள். அது இல்லாமல் செட் செய்துவிட்டு, மதுரை கோரிப்பாளையத்தில் போலீஸ் நிறுத்திய பிறகு அதைத் திரும்ப மாட்டினால் எல்லாக் கணக்கும் மாறிப்போகும். எந்த நிலையில் ஓட்டப் போகிறீர்களோ அந்த நிலையில் வைத்துத்தான் டியூன் செய்ய வேண்டும்.

சைலன்சர் மாறினால் ஏன் தடுமாறுகிறது?

கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். கீழே கப்பில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்று ஜெட் வழியாக மேலே தள்ளும். காற்று கூடினால் இழுப்பும் கூடும், பெட்ரோலும் கூடவே வரும். அதனால் 'சைலன்சரைத் திறந்துவிட்டால் பெட்ரோல் பத்தாமல் போய்விடும்' என்பது பாதிதான் சரி. மீதிப் பாதி கம்பெனியில் இருக்கிறது. பிஎஸ்3, பிஎஸ்4 புகை வரம்புக்குள் வர வேண்டும் என்பதற்காக வண்டியை ஏற்கெனவே லீன் பக்கத்து ஓரத்தில்தான் செட் செய்து அனுப்பினார்கள். லீன் என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ரிச் என்றால் அதற்கு நேர்மாறு. ஓரத்தில் நிற்கிற வண்டிக்குச் சின்னத் தள்ளு போதும், தடுமாறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சைலன்சரிலிருந்து அழுத்த அலைகள் சிலிண்டருக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். பைப்பின் நீளமும் விட்டமும் மாறினால் அவை வந்து சேரும் நேரம் மாறும். சில ஆர்பிஎம்மில் சிலிண்டர் நன்றாக நிரம்பும், சிலவற்றில் நிரம்பாது. மேலே பாய்கிற வண்டி கீழே சோம்பிப்போனது இதனால் என்றால் எந்த ஜெட்டும் அதைச் சரி செய்யாது, அது அந்தப் பைப்பின் குணம். டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவர் அந்தப் பைப்பை விற்றுவிட்டு வேறு வேலை பார்ப்பது உத்தமம்.

ஜெட்டைத் தொடும் முன்

ஆக்சிலேட்டரை மூடியதும் பின்னால் 'பட் பட்' என்று வெடித்தால் உடனே 'லீன் ஆயிருச்சு, ஜெட்ட ஏத்து' என்பார்கள். முக்கால்வாசி நேரம் வெடிப்புக்குக் காரணம் கார்புரேட்டரே இல்லை. இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஒரு கேஸ்கெட் வளையம் இருக்கும். புது சைலன்சர் மாட்டும்போது நசுங்கிய பழைய வளையத்தையே போட்டு நட்டை முறுக்கியிருப்பார்கள். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து சூடான பைப்பில் வெடிக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓரிரு நாள் ஓட்டிய பின் இன்ஜின் ஆறியதும் அந்த மூட்டைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். கரி ஒட்டினால் லீக். பெண்ட் பைப்பும் மஃப்ளரும் (சத்தத்தை அடக்கும் பின்பகுதி) சேரும் கிளாம்ப் பக்கமும் இதே சோதனைதான். சைலன்சர் வாங்கும்போதே புதுக் கேஸ்கெட் ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள், சைலன்சர் விலைக்கு முன்னால் அது ஒரு காசா.

பிஎஸ்3, பிஎஸ்4 வண்டிகள் பலவற்றில் ஏர் ஃபில்டர் பக்கமிருந்து ஒரு ரப்பர் டியூப் சிலிண்டர் ஹெட்டின் எக்ஸாஸ்ட் பக்கம் போகும். புகையை மட்டுப்படுத்த எக்ஸாஸ்ட்டுக்குள் சுத்தமான காற்று விடும் ஏற்பாடு அது. அந்தக் காற்றாலும் இதே மாதிரி வெடிக்கும். ஸ்டாக் சைலன்சர், அதாவது கம்பெனி போட்டுக் கொடுத்தது, இந்த வெடிப்பை அமுக்கிவைத்திருந்தது, புது சைலன்சர் அமுக்கவில்லை, அவ்வளவுதான். லேசான முணுமுணுப்பு என்றால் அப்படியே விட்டுவிடலாம். அந்த டியூபை அடைத்துவிடச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த உறுப்பு, அடைப்பதை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து ஏர் ஃபில்டர். மேலூர் பக்கம் குவாரி லாரி ஓடும் சாலைகளில் தினமும் போய் வரும் வண்டியின் ஃபில்டரை எடுத்து ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், தெரியும். அடைத்த ஃபில்டர் வண்டியை ரிச் ஆக்கும். அதே நிலையில் டியூன் செய்துவிட்டு அடுத்த சர்வீஸில் ஃபில்டரை மாற்றினால் வண்டி திடீரென்று லீன் ஆகிவிடும். எனவே புது ஃபில்டரை முதலில் போடுங்கள், டியூனிங் பிறகு. ஃபில்டரையே எடுத்துவிட்டு 'ஓபன் ஏர்' வைப்பது பற்றி என் கருத்து ஒரே வரி: நம்மூர்ப் புழுதிக்கு வேண்டாம்.

கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டு வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். கார்புரேட்டரைப் பிடித்து லேசாக வளைத்தால் விரிசல் வாய் திறக்கும். வண்டி ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் திருகாமல்) ஓடும்போது அந்தச் சந்துகளில் தண்ணீர் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். ஆர்பிஎம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே இன்னும் தெளிவாகக் காட்டும் என்பது உண்மை, ஆனால் சூடான இன்ஜின் மேல் அது தீப்பிடிக்கும். புதியவர்களுக்குத் தண்ணீரே போதும்.

பிளக் இடைவெளி, வால்வ் கிளியரன்ஸ், பேட்டரி இவையும் சரியாக இருக்கட்டும். வால்வ் இறுகிப்போன வண்டிக்கு ஜெட் மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

கிரிப்பில் ஒட்டும் டேப்

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போக ஒரே பாதை இல்லை. ஐடிலில் இருந்து ஆக்சிலேட்டரைக் கால் பங்கு திருகும் வரை பைலட் ஜெட்டும் அதோடு சேர்ந்த ஸ்க்ரூவும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கத்தியால் வெட்டியது போல் இருக்காது, ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் புகுந்திருக்கும். ஆனால் தேட வேண்டிய இடம் எது என்பதற்கு இது போதும்.

கால், அரை என்பதைக் கை மதிப்பில் சொல்ல முடியாது. பெரும்பாலானோர் அரை என்று நினைப்பது உண்மையில் கால்தான். வெள்ளை இன்சுலேஷன் டேப்பைக் கிரிப்பின் உள்ஓரத்தில், சுவிட்ச் பெட்டியை ஒட்டி ஒரு சுற்று ஒட்டுங்கள். சுவிட்ச் பெட்டி மேல் ஒரு சின்னத் துண்டு ஒட்டி அதில் ஒரே ஒரு கோடு போடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிளில் இருக்கும் தளர்வு தீர்ந்து கை கனக்கும் இடத்தில் கிரிப் டேப்பில் முதல் கோடு. முழுதும் திருகி இன்னொரு கோடு. நடுவில் பாதி, அதன் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு மார்க்கர் வியர்வையில் அழியும், பால்பாயிண்ட் பேனா நிற்கும்.

இப்போது இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஆக்சிலேட்டரை அசைக்காமல் பிடித்துப் பாருங்கள். ஒத்தக்கடை தாண்டியோ அழகர்கோவில் சாலையிலோ காலை ஆறு மணிக்குப் போனால் நிதானமாகக் கவனிக்கலாம். நத்தம் ரோடு மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நேராகக் கிடக்கிறதே என்று சோதனைக்கு ஏறாதீர்கள். அங்கே ஓரம் கட்ட இடமில்லை, பின்னால் வருகிறவர் உங்கள் டேப்பைப் பார்த்துக்கொண்டு வரப்போவதில்லை.

என்ன கவனிப்பது? லீன் என்றால் ஒரே பிடியில் போகும்போது வண்டி முன்னும் பின்னும் உந்தும், திருகியதும் ஒரு நொடி வெறுமையாக நின்றுவிட்டுப் பிறகு பிடிக்கும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்க அடம்பிடிக்கும், இன்ஜின் வழக்கத்தைவிடக் கொதிக்கும். ரிச் என்றால் 'கொட கொட' என்று தடித்த ஓட்டம், பெட்ரோல் வாடை, பின்னால் கரும்புகை, ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் தேவைக்குக் கீழே விழுந்து பிறகு மேலே வரும். வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் மோசமானால் ரிச்சாக இருக்கலாம். சூடாக ஆக நன்றாகிக்கொண்டே போனால் லீனாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். சோக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். வண்டி தெளிந்தால் லீன், இன்னும் மோசமானால் ரிச்.

இதை ஒரு தாளில் எழுதிவையுங்கள்: 'கால் பங்கில் உந்தல், அரையில் ஒன்றுமில்லை, முழுசில் ஒன்றுமில்லை' என்கிற மாதிரி. மெக்கானிக்கிடம் போனாலும் இந்தத் தாளோடு போனால் பேச்சு சுருங்கும்.

சாமான்கள்

சரியான அளவில் தட்டை ஸ்க்ரூடிரைவர் இரண்டு, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பிளக் ஸ்பேனர், எட்டு-பத்து ஸ்பேனர், சுத்தமான துணி, ஒரு வெள்ளைத் தட்டு. கப் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய வெட்டு கொண்டவை. கூர்முனை ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக இறங்காமல் தலையைத் தின்றுவிடும், முனை மழுங்கலான டிரைவர் நன்றாகப் பிடிக்கும். ஜெட் பித்தளை, மிருதுவானது. பிளவின் அகலத்துக்குப் பொருந்தாத டிரைவரைப் போட்டுத் திருகினால் ஓரம் நொறுங்கி அந்தத் தூசு உள்ளேயே போகும்.

வேலையை வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் குழாய்த் திருகை மூடிவிட்டு, கப்பின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலைப் பிடியுங்கள். பாட்டிலின் அடியில் தண்ணீர்க் குமிழ் உருண்டால், தடுமாற்றத்துக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

பைலட்டும் ஸ்க்ரூவும்

எதை முதலில் செட் செய்வது என்பதில் டியூனர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. மெயினில் தொடங்கிக் கீழே வா என்பார்கள் பலர். ரேஸ் வண்டிக்கு அது சரி. காலையில் காளவாசல், சாயங்காலம் சிம்மக்கல் என்று நெரிசலில் ஊர்கிற வண்டி பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் திருகப்படுவதே இல்லை. ஆகவே நான்கு ஸ்ட்ரோக் டவுன் வண்டிக்குப் பைலட்டில் தொடங்குவதுதான் என் வழக்கம். மெயினும் நீடிலும் மாறினால் கடைசியில் ஸ்க்ரூவை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தால் போகிறது.

உங்கள் கார்புரேட்டரில் இருப்பது ஏர் ஸ்க்ரூவா, மிக்சர் ஸ்க்ரூவா என்பதை முதலில் பாருங்கள். இங்கே குழம்பினால் எல்லாமே தலைகீழாகப் போகும். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளின் பழைய சிலைடு கார்புரேட்டரில் (ஆக்சிலேட்டர் கேபிளே உள்ளிருக்கும் சிலைடைத் தூக்கும் வகை) அது ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும். அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் ரிச். யூசிஇ இன்ஜின் புல்லட் 350 போன்றவற்றில் இருக்கும் சிவி கார்புரேட்டரில் (காற்றழுத்தத்தில் ரப்பர் டயாஃப்ரம் சிலைடைத் தூக்கும் வகை) அது இன்ஜின் பக்கம் இருக்கும். அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் ரிச். சில வண்டிகளில் இதன் மேல் பித்தளை மூடி அடித்திருக்கும். அந்த மூடி எமிஷன் செட்டிங்கைத் தொடக்கூடாது என்பதற்காக வைத்தது. அதை எடுப்பதாக இருந்தால் அனுபவமுள்ளவரை வைத்து எடுங்கள். ட்ரில் ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கினால் ஸ்க்ரூ தலை காலி.

தொடும் முன், இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணுங்கள். மெதுவாக உள்ளே திருகி, லேசாக உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசி முனை துளையைக் கெடுத்துவிடும், பிறகு கார்புரேட்டரையே மாற்ற வேண்டிவரும். எத்தனை சுற்று என்று எழுதிவைத்துக்கொண்டு அதே அளவு வெளியே கொண்டுவாருங்கள்.

சூடான இன்ஜினில் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி, ஆர்பிஎம் சீராக நிற்கும்படி வையுங்கள். இப்போது மிக்சர் அல்லது ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு சில நொடி பொறுங்கள், இன்ஜின் உடனே பதில் சொல்லாது. ஆர்பிஎம் உச்சத்துக்கு ஏறி, அதன்பின் திருப்பினால் விழத் தொடங்கும் இடம் ஒன்று கிடைக்கும். உச்சத்திலேயே நிறுத்தாமல் ரிச் பக்கம் அரைக்கால் சுற்று கொடுங்கள். பிறகு ஐடிலைப் பழைய வேகத்துக்கு இறக்குங்கள்.

அந்த உச்சம் எத்தனை சுற்றில் கிடைத்தது என்பதுதான் பைலட் ஜெட்டைப் பற்றிய சாட்சி. ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் என்றால் பைலட்டைத் தொட வேண்டாம். மிக்சர் ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தும் இன்னும் கேட்கிறதென்றால் பைலட் சிறியது, ஒரு நம்பர் ஏற்றுங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே திருப்தியடைந்துவிட்டால் பைலட் பெரியது. ஏர் ஸ்க்ரூ என்றால் இதை அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும்: ஒரு சுற்றுக்குள் இருந்தால் பைலட் சிறியது, மூன்றைத் தாண்டினால் பெரியது.

மிக்சர் ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்தால் அதன் கூடவே ஸ்பிரிங், ஒரு பொடி வாஷர், ஒரு ஓ-ரிங் மூன்றும் அந்த வரிசையில் வரும். பெரும்பாலும் ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், கவனிக்காமல் கிளீனர் அடித்தால் பறந்துவிடும். அது இல்லாமல் மாட்டினால் வண்டி எந்தச் சுற்றிலும் நிற்காது. வெள்ளைத் தட்டு அதற்காகத்தான்.

மெயின் ஜெட்

கப்பைக் கழற்றினால் நடுவில் தெரியும் பெரிய ஜெட் இது. முகத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். உங்கள் தொடக்கம் அந்த எண்தான், நெட்டில் பார்த்த எண் அல்ல.

எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மிகுனி, கெய்ஹின் இரண்டும் கார்புரேட்டர் கம்பெனிகள். மிகுனியின் அறுகோண ஜெட் எண் பொதுவாக அதன் வழியாகப் பாயும் பெட்ரோல் அளவைக் குறிக்கும். கெய்ஹின் எண் துளையின் விட்டத்தை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறிக்கும். மிகுனியில் 110-லிருந்து 115-க்குப் போனால் பெட்ரோல் நாலரை சதவீதம் கூடும். கெய்ஹினில் அதே 110-லிருந்து 115 என்றால் துளையின் பரப்பு ஒன்பது சதவீதம் கூடிவிடும். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பேசுவதில் அர்த்தமில்லை. ஸ்பேர்ஸ் கடைக்குப் போகும்போது பழைய ஜெட்டையே கையில் கொண்டுபோங்கள். மரையும் நீளமும் தலையும் ஒத்துப்போக வேண்டும்.

ஏர் ஃபில்டரும் பெண்ட் பைப்பும் ஸ்டாக், மஃப்ளர் மட்டும் மாறியது என்றால் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம், அல்லது ஒரு படி, அதாவது அடுத்த பெரிய எண். முழு பைப்பும் மாறியிருந்தால் ஒன்றிரண்டு படி. அதற்கு மேல் கேட்கிற வண்டியில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது.

மெயின் ஜெட் சோதனைக்கு முழு ஆக்சிலேட்டர் தேவை, முழு வேகம் தேவையில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் நான்கு வழிச்சாலையில் நூறைத் தாண்டிப் பறந்து பார்க்கிறவர்கள் உண்டு. ஏற்றத்தில், இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் முழுதாகத் திருகினால் வேகம் அடங்கியிருக்கும், இன்ஜினுக்குச் சுமை முழுதாகக் கிடைக்கும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏற்றம் இதற்குத் தோதானது, அதிகாலையில், எதிரே வண்டி வராதபோது. முழுதாகத் திருகி ஓடும்போது ஆக்சிலேட்டரை ஒரு துளி மட்டும் மூடுங்கள். வண்டி சட்டென்று ஒரு உந்து உந்தினால் மெயின் சிறியது. தடுமாறி மிஸ்ஸிங் அடித்தால் பெரியது. லேசாக வேகம் குறைந்தால் ஏறத்தாழச் சரி.

பிளக் பார்ப்பதும் இதே இடத்தில்தான். புதுப் பிளக் போட்டு, முழு ஆக்சிலேட்டரில் ஒரு ஏற்றம் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே நொடியில் கில் சுவிட்சைத் தட்டி ஓரம் கட்டுங்கள். ஐடிலில் உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் ஐடிலின் நிறம்தான் தெரியும், மெயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'பீங்கான் காப்பிக்கலரில் இருக்கணும்' என்கிற பழைய கணக்கு இன்றைய பெட்ரோலுக்கு முழுதாகப் பொருந்தாது, நிறம் வெளிறியே தெரியும். பீங்கானின் நுனியைவிட்டு, உள்ளே அடியாழத்தில் அது இரும்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய சாம்பல் வளையம் ஒன்று தெரிந்தால் நிம்மதி. அடி வரை சுத்த வெள்ளை என்றால் லீன், பீங்கான் முழுதும் வெல்வெட் மாதிரி கரி என்றால் ரிச்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "புது ஜெட்டு எதுக்கு தம்பி, இதையே லேசா ட்ரில் பண்ணி விட்டுர்றேன்" என்று சொல்லும் பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு. கையில் பிடித்த ட்ரில்லால் நூறில் ஐந்து பங்கு மில்லிமீட்டர் என்ற கணக்கில் யாராலும் துளையைப் பெரிதாக்க முடியாது. உள்சுவரில் விழும் கீறல் பெட்ரோல் பாயும் விதத்தையே மாற்றிவிடும். அதைவிட மோசம், அந்த ஜெட்டின் முகத்தில் இன்னும் பழைய எண்ணே இருக்கும், அடுத்த தடவை பார்க்கிறவர் ஏமாந்துபோவார். கிளட்ச் கேபிள் இழையை விட்டுக் குத்திச் சுத்தம் செய்வதும் இதே வகை. அடைப்பு என்றால் கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள், போகவில்லையா, புது ஜெட் வாங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மெயினும் பைலட்டும் ஒரே மூச்சில் மாற்றி, ஸ்க்ரூவையும் திருகிவிட்டு, 'முன்னைக்கு இப்ப பரவாயில்ல' என்று திரும்பினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

நீடில்

சிலைடின் நடுவில் தொங்கும் கூரான ஊசி. மேல் முனையில் நான்கைந்து வெட்டுகள் இருக்கும், ஒன்றில் சின்ன கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், ரிச். மேலே ஏற்றினால் லீன். அரை ஆக்சிலேட்டரில் மட்டும் உந்தல் இருந்தால் ஒரு வெட்டு இறக்கிப் பாருங்கள்.

நம் நாட்டு சிவி கார்புரேட்டர்கள் பலவற்றில் வெட்டே இருக்காது, ஒரே நிலைதான். அங்கே ஊசியின் தலைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று வைத்து உயர்த்துவார்கள். மேல்மூடியைத் திறக்கும்போது ரப்பர் டயாஃப்ரத்தைக் கவனியுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டை கூடத் தெரியும். ஓட்டை விழுந்திருந்தால் சிலைடு மேலே ஏறாது, வண்டி அரைக்கு மேல் மூச்சு வாங்கும், நீங்கள் மெயின் ஜெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மூடும்போது ரப்பரின் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார வேண்டும், கொஞ்சம் பிதுங்கினாலும் கதை அதேதான்.

ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரிசை மாறும். அதில் லீன் என்பது தடுமாற்றத்தோடு நிற்காது, முழு ஆக்சிலேட்டரில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் (இரண்டு ஸ்ட்ரோக்குக்கான வயிறு பெருத்த சைலன்சர்) மாற்றினால் முதல் வேலையே மெயினை இரண்டு படி பெரிதாகப் போட்டு, ரிச்சில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கிவருவது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டுகிறீர்கள் என்றால், சின்ன ஜெட் ஆயிலையும் சேர்த்தே குறைக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இ20, வெயில், கொடைக்கானல்

பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுதான் இ20. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. சுத்தமான பெட்ரோல் எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்பது கணக்கு, எத்தனாலுக்கு 9 கிலோதான். கலந்து பார்த்தால் 10 சதவீதக் கலப்பில் சுமார் 14.1, 20 சதவீதத்தில் சுமார் 13.5. அதாவது கலப்பு 10-லிருந்து 20 ஆனதில் மட்டும், சைலன்சரைத் தொடாமலே பழைய கார்புரேட்டர் வண்டி நாலு சதவீதம் லீன் பக்கம் போயிருக்கிறது. மிகுனி 110 ஜெட்டில் ஏறக்குறைய ஒரு படிக்குச் சமம் இது. 2015-இல் ஒருவர் செட் செய்த நம்பரை இன்றைக்கு அப்படியே போட்டால் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ஓ-ரிங், கப் கேஸ்கெட் இவையும் எத்தனாலில் ஊதிப்போகும். கப்பைத் திறந்தால் புது கேஸ்கெட் போடுங்கள், ஊதியதைப் பள்ளத்தில் அமுக்கி உட்காரவைக்க முயலாதீர்கள்.

வெயில் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். 25 டிகிரி காலையோடு ஒப்பிட்டால் 40 டிகிரி மே மாத மதியத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு, வண்டி கொஞ்சம் ரிச்சாகும். ஆகவே டிசம்பர் விடியற்காலையில் ஓரத்தில் செட் செய்யாதீர்கள், மே மதியத்திலும் செய்யாதீர்கள். ஒன்பது, பத்து மணி வெயில்தான் நடுத்தரம்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். மதுரையில் கச்சிதமாக ஓடிய வண்டி வத்தலகுண்டு தாண்டி மேலே ஏற ஏற இழுவை குறைந்து தடித்து ஓடும். இந்த அளவுக்கு ரிச்சானால் இன்ஜினுக்கு ஆபத்தில்லை. வார இறுதிப் பயணத்துக்காக ஜெட் மாற்ற வேண்டாம். மேலே போய்ச் சின்ன ஜெட் போட்டவர், கீழே இறங்கும் முன் அதைக் கழற்ற மறந்தால் தேனி ரோட்டு வெயிலில் லீனில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

எமிஷன் சென்டரில் ஒரு உபகாரம்

வேலை முடிந்ததும் நேராகப் புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். சான்றிதழுக்காக மட்டுமல்ல. ஐடிலில் பைலட்டும் ஸ்க்ரூவும் எப்படி இருக்கின்றன என்பதை நம் காதைவிடத் துல்லியமாகச் சொல்லும் கருவி டவுனுக்குள் அது ஒன்றுதான். வண்டியை நன்றாகச் சூடாக்கி, திரையில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 2000 மார்ச் 31-க்குப் பின் தயாரான, பிஎஸ்4-க்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு வரம்பு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம். பிஎஸ்4-க்கு வரம்பு இன்னும் இறுக்கம். கார்பன் மோனாக்சைடு வரம்பை முட்டினால் ஸ்க்ரூ ரிச். அது மிகக் குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் லீனில் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று சந்தேகப்படலாம். சைலன்சர் மூட்டில் லீக் இருந்தால் இந்த எண்கள் எல்லாமே பொய் சொல்லும்.

கழற்றிய ஜெட்டுகளை எண் எழுதிய சின்ன கவரில் போட்டு, ஸ்க்ரூ சுற்றுக் கணக்கையும் கிளிப் இருந்த வெட்டையும் அதே தாளில் எழுதி, சைடு பேனலுக்குள் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். ஸ்டாக் சைலன்சரைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். கார்புரேட்டர் வண்டிகளில் பலவற்றுக்கு 15 வருட ஆர்சி முடியும் நேரம் இது. புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசுக்குப் போகும் அன்று அந்தச் சைலன்சரும் அந்தக் கவரில் இருக்கும் பழைய ஜெட்டும் திரும்ப ஏற வேண்டிவரும்.